கரையில் நின்றது போதும்!
கணவனும் மனைவியும் கப்பல் ஏற ஒரு திட்டம்

குன்றத்தூர் முருகன் மலைக்கு 84 படிகள்.

சாயங்கால வேளையில் ஏறி நின்றால் காற்று நன்றாக வரும். கீழே ஊர் தெரியும். மேலே, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும்.

அந்தப் படியில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். பெயர் எதற்கு? இப்படிப்பட்ட தம்பதிகள் எல்லா ஊரிலும் உண்டு.

அவருக்கு 60 வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாளுக்கு 55. வீட்டிலேயே தையல் தைத்துக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி விட்டது. வீட்டுக் கடன் தீர்ந்தது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது.

அவர் மெதுவாகப் பேச்சை எடுக்கிறார்.

"மத்திய தரைக் கடல்ல ஏழு நாள் கப்பல்ல சுத்தறாங்களாம். நாமளும் ஒரு தரம் போனா என்ன?"

அம்மாள் சிரிக்கிறார்.

"நீங்க வேணா போயிட்டு வாங்க. எனக்கு எதுக்குங்க கப்பலும் கடலும்?"

இந்த ஒரு பதிலில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய வழக்கம்

"ஆண் கப்பல் ஏறுவான். பெண் கரையில் நிற்பாள்." இது நம் நாட்டில் நேற்று வந்த வழக்கம் அல்ல.

பொருள் தேடக் கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே சொல்லி இருக்கிறது.

பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அவர் சொன்ன காரைக்கால் அம்மையார் கதை எல்லோருக்கும் தெரியும். மாம்பழக் கதை தெரியும். அதற்குப் பிறகு நடந்தது என்ன? அம்மையாரின் கணவன் பரமதத்தன் வியாபாரம் செய்வதாகச் சொல்லிக் கப்பல் ஏறினான். திரும்பி அவன் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டி நாட்டில் வேறு குடும்பம் அமைத்துக் கொண்டான். மனைவி அவன் வருவான் என்று வீட்டிலேயே இருந்தாள்.

அது புராணம். சரித்திரத்திலும் ஒரு சம்பவம் உண்டு.

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. சென்னைத் துறைமுகத்தில் இருந்து "நெவாசா" என்ற கப்பல் புறப்பட்டது. அதில் ஓர் இளைஞர் போனார். அவர்தான் கணித மேதை ராமானுஜன். அதே சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்!

கப்பல் சூயஸ் கால்வாய் வழியாக மத்திய தரைக் கடலுக்குள் போயிற்று. அந்தக் கடலைக் கடந்து, ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தது. 28 நாள் பிரயாணம்.

அவருடைய மனைவி ஜானகி அம்மாள்? அவர் ஊரிலேயே இருந்தார். 1919-ல் ராமானுஜன் திரும்பி வந்தார், உடல் நலம் கெட்டு. அடுத்த ஆண்டே, 32 வயதில், காலமானார்.

பிறகு "ரஜூலா" கப்பல் வந்தது. 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. பிழைப்புத் தேடிப் போன ஆயிரக்கணக்கானவர்கள் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். கரையில் கண்ணைத் துடைத்துக் கொண்டு நின்றவர்களில் எத்தனை பேர் மனைவிமார்கள்!

கப்பல் என்றால் பிரிவு. நம் வீடுகளில் பல தலைமுறை அப்படித்தான் இருந்தது.

இரண்டு பேருமாக, சும்மா, சந்தோஷத்துக்காகக் கப்பல் ஏறுவது என்பது நமக்குப் புதிது. அதனால்தான் அந்த அம்மாள் "எனக்கு எதுக்கு?" என்று கேட்கிறார்.

கப்பல்காரன் கணக்கு

ஆனால் கப்பல் கம்பெனிக்காரர்கள் போடும் கணக்கு வேறு.

உல்லாசக் கப்பலில் அறைக்கு "கேபின்" என்று பெயர். சாதாரணமாக ஒரு கேபினில் இரண்டு பேர் என்று வைத்துத்தான் விலை சொல்வார்கள். விளம்பரத்தில் காணும் தொகை ஒருவருக்கு உரியது. இரண்டு பேருக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

ஒருவர் மட்டும் போனால்? பாதி விலை அல்ல. பல கப்பல்களில் அந்தக் கேபினுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தையே கேட்பார்கள்!

ஆக, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சொல்வது கணக்கிலும் நஷ்டம்தான்.

எந்தக் கடல்? எந்த ஊர்?

மத்திய தரைக் கடல் என்பது ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களுக்கு நடுவில் கிடக்கும் கடல். மேற்கே ஜிப்ரால்டர் என்ற குறுகிய வாசல். அதன் அகலம் ஓர் இடத்தில் சுமார் 14 கிலோ மீட்டர்தான். கிழக்கே சூயஸ் கால்வாய். 1869-ல் திறக்கப்பட்டது.

உல்லாசக் கப்பல்கள் இந்தக் கடலை இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சுற்றுகின்றன.

மேற்குப் பாதி: ஸ்பெயினில் பார்சலோனா, பிரான்சில் மார்சேல், இத்தாலியில் ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேபிள்ஸ், பலெர்மோ. சிவிட்டாவெக்கியா என்பதுதான் ரோமாபுரிக்குத் துறைமுகம்.

கிழக்குப் பாதி: கிரேக்க நாட்டின் ஏதென்ஸ், சாண்டோரினித் தீவு, குரோஷியா, துருக்கி.

முதல் தடவை போகிறவர்களுக்கு மேற்குப் பாதி சுலபம். ஏழு இரவுகளில் வட்டமாகச் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறக்கி விடுவார்கள். ராத்திரி கப்பல் ஓடும். காலையில் ஒரு புது ஊர். பெட்டியைக் கட்டவும் அவிழ்க்கவும் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சாண்டோரினி என்ற பெயரைக் கேட்டு மயங்குகிறவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்து கொள்ள வேண்டும். அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. நடுவில் நங்கூரம் போடும். சிறு படகில் இறங்கி, பிறகு மலை மேல் உள்ள ஊருக்கு ஏற வேண்டும். படி வழியாகப் போனால் 580-க்கு மேல்! குன்றத்தூர் மலையைப் போல ஏழு மலை. நல்ல வேளை, கம்பியில் தொங்கிப் போகும் வண்டியும் இருக்கிறது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.

வெனிஸ் நகரின் வீட்டு வாசலை ஒட்டிப் பெரிய கப்பல்கள் போகிற படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். அது இப்போது இல்லை. 2021 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் பெரிய கப்பல்கள் அந்தக் கால்வாய்க்குள் வரக் கூடாது என்று இத்தாலி அரசு தடை போட்டு விட்டது.

எந்த மாதம்?

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டு வேண்டாம். ஐரோப்பாக்காரர்கள் எல்லோரும் விடுமுறையில் புறப்படும் மாதங்கள் அவை. கூட்டமும் அதிகம், விலையும் அதிகம், வெயிலும் அதிகம். தாம்பரம் வெயிலுக்குத் தப்பிப் போய் ரோமாபுரி வெயிலில் நிற்பானேன்?

மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் ஆகியவை நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றவை.

விசா: இங்கேதான் ஜாக்கிரதை

ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், குரோஷியா, மால்டா உள்பட 29 நாடுகள் சேர்ந்து ஒரே விசா கொடுக்கின்றன. அதற்கு "ஷெங்கன் விசா" என்று பெயர். நாட்டுக்கு ஒரு விசா வாங்க வேண்டியது இல்லை.

எந்த நாட்டிடம் கேட்பது? எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ, அந்த நாட்டிடம். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால், முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ, அந்த நாட்டிடம்.

கட்டணம், 2024 ஜூன் மாதம் உயர்த்தப்பட்டபடி, ஒருவருக்கு 90 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் இரண்டு பேருக்கு 18 ஆயிரம் ரூபாய். விசா கிடைக்காவிட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. மனுவை வாங்கும் மையத்தின் கட்டணம் தனி.

பிரயாணத் தேதிக்கு 6 மாதம் முன்னாலேயே மனு கொடுக்கலாம். 15 நாளாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கடைசி நேரத்தில் ஓடுவது புத்திசாலித்தனம் அல்ல. சில மனுக்களுக்கு 45 நாள் வரை எடுத்துக் கொள்வார்கள். கோடை காலத்தில் மனுக் கொடுக்க நாள் கிடைப்பதே கஷ்டம்.

கைரேகை கொடுக்கக் கணவன், மனைவி இருவரும் நேரில் போக வேண்டும். பல நாடுகளின் விசா மனு மையங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. டெல்லிக்கு அலைய வேண்டியது இல்லை.

பாஸ்போர்ட், ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். வாங்கி 10 வருஷத்துக்கு மேல் ஆகி இருக்கக் கூடாது. இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் கப்பல்களும் உண்டு. ஆகவே 6 மாதம் என்றே கணக்கு வைத்துக் கொள்வது நல்லது.

இன்னொன்று. நம் ஊரில் இனிஷியல் தொந்தரவு உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். டிக்கெட்டில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் இருக்கும். வங்கிக் கணக்கில் தகப்பனார் பெயர் இருக்கும். விமான டிக்கெட், கப்பல் டிக்கெட், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு தடவையா, பல தடவையா?

விசாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதில் ஏமாறுகிறவர்கள் உண்டு.

"ஒரு தடவை நுழையலாம்", "இரண்டு தடவை நுழையலாம்", "பல தடவை நுழையலாம்" என்று விசாவில் மூன்று வகை.

ஒரு கப்பல் கிரீசில் புறப்படுகிறது. நடுவில் ஒரு நாள் துருக்கியில் நிற்கிறது. மறுநாள் கிரீசுக்குத் திரும்புகிறது. துருக்கி அந்த 29 நாடுகளில் சேர்ந்தது அல்ல. ஆகவே துருக்கி போனால் ஐரோப்பாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வந்தால் இரண்டாவது தடவை நுழைந்ததாகக் கணக்கு. ஒரு தடவை மட்டும் நுழையும் விசா வைத்திருந்தால் சிக்கல்தான்! துருக்கியில் இறங்க அந்த நாட்டின் அனுமதி வேறு வேண்டும்.

கப்பல் நிற்கும் ஊர்களின் பட்டியலை முதலில் கையில் வாங்க வேண்டும். துருக்கி, துனிசியா, மான்டனீக்ரோ போன்ற பெயர் இருந்தால் பல தடவை நுழையும் விசாவைக் கேட்க வேண்டும்.

2025 அக்டோபர் 12-ந் தேதி முதல் ஐரோப்பிய எல்லைகளில் இன்னொரு மாறுதலும் வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில், படிப்படியாக, கைரேகையும் முகப் படமும் எடுக்கிறார்கள். முதல் தடவை கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிக்கெட் விலை மட்டும் செலவு அல்ல

"கப்பல் டிக்கெட்டில் சாப்பாடு, தங்குவது எல்லாம் சேர்த்தி" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது முழு உண்மை அல்ல.

டிக்கெட்டில் சேராதவை இவை:

கப்பல் ஊழியர்களுக்கு உரிய சேவைத் தொகை. பல கப்பல்களில் தினமும் ஒருவருக்கு 10 யூரோவுக்கு மேல் ஆகும். 12 யூரோ என்று வைத்துக் கொண்டால் இரண்டு பேருக்கு ஏழு நாளைக்கு 168 யூரோ. ஏறக்குறைய 17 ஆயிரம் ரூபாய்!

பாட்டிலில் வரும் தண்ணீர், குளிர்பானம், மது. இன்டர்நெட். ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ். போட்டோ. கப்பல் டாக்டர். இவை எல்லாம் தனிக் கணக்கு.

கப்பலில் காசு புழங்காது. ஏறும்போது ஓர் அட்டை கொடுப்பார்கள். அதுவே கேபின் சாவி. அதுவே பணம். அட்டையை நீட்டி வாங்கிக் கொண்டே போனால் கடைசி நாள் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். தினமும் இரவு கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

செல்போனிலும் ஜாக்கிரதை வேண்டும். நடுக்கடலில் கப்பலின் தொடர்பைப் போன் தானாகப் பிடித்துக் கொண்டால் கட்டணம் எங்கேயோ போய் விடும். விமானத்தில் அணைத்து வைப்பது போலவே கப்பலிலும் அணைத்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போது இந்தியாவில் ஒரு வரி பிடிப்பார்கள். அது போய் விட்ட பணம் அல்ல. வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது கழித்துக் கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். விகிதம் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் கேட்டுக் கொண்டு, ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

விசா கையில் வரும் முன், திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்கக் கூடாது. விலை கொஞ்சம் கூடினாலும் ரத்து செய்யக் கூடிய டிக்கெட்டே நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி ஒன்று. வைத்தியச் செலவுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் கை வைக்கக் கூடாது. கடன் வாங்கிக் கப்பல் ஏறக் கூடாது. தனியாகச் சீட்டுக் கட்டி இரண்டு வருஷம் சேர்த்தாலும் சரி, கடல் எங்கேயும் ஓடிப் போகாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

அம்மாள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

சுத்த சைவரான ராமானுஜன் அந்தக் காலத்தில் இந்தக் கவலையோடுதான் கப்பல் ஏறினார். இப்போது அவ்வளவு கஷ்டம் இல்லை. பெரிய கப்பல்களில் சைவச் சாப்பாடு உண்டு. ஆனால் நம்முடைய ருசி வேண்டும் என்றால் டிக்கெட் வாங்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறிய முதல் நாளே சாப்பாட்டு மேற்பார்வையாளரிடம் ஒரு தடவை நேரில் சொல்ல வேண்டும். "முட்டை சேர்ப்பீர்களா? மீன் சாறு சேர்ப்பீர்களா?" என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது.

இங்கிருந்து எடுத்துப் போகலாமா? நெய், பால்கோவா, பாலில் செய்த இனிப்பு, இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போக அனுமதி இல்லை. பச்சைக் காய், பழம், கறிவேப்பிலைக்கும் கட்டுப்பாடு உண்டு. பருப்புப் பொடி போன்றவற்றைக் கொஞ்சமாக, இறுக்கிக் கட்டி எடுத்துப் போகலாம். கேபினில் இன்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் காய்ச்சும் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. தீப்பிடிக்கும் பயம்தான் காரணம்.

உடம்பு

ராமானுஜனுக்குக் கப்பல் ஏறிய முதல் சில நாள் கடல் மயக்கம் வந்து சாப்பிட முடியாமல் கிடந்தார். பிறகு சரியாயிற்று.

இன்றைய கப்பல்கள் பெரியவை. ஆட்டம் குறைவு. ஆனாலும் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேட்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. விலையும் குறைவு. ஜன்னல் இல்லாத உள் கேபின் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் பொழுது விடிந்தது தெரியாது. மூச்சு முட்டுவது போல நினைக்கிறவர்கள் ஜன்னல் வைத்த கேபின் எடுப்பதே நல்லது.

விசாவுக்கு 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்சூரன்ஸ் கட்டாயம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால், ஆபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்து விடுவார்கள். நடுக்கடலில் இருந்து கரைக்குக் கொண்டு போகும் செலவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்துகளைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வைக்க வேண்டும். கப்பல் ஏறும் அன்று பெரிய பெட்டியை வாசலிலேயே வாங்கிக் கொள்வார்கள். அது கேபினுக்கு வந்து சேர மாலை கூட ஆகலாம்.

நகை? கழுத்தில் கனமாக எதுவும் வேண்டாம். பார்சலோனாவிலும் ரோமாபுரியிலும் ஜேப்படித் திருடர்கள் கைதேர்ந்தவர்கள். பாரிமுனைக் கூட்டத்தில் போவது போல, பையை முன்னால் போட்டுக் கொண்டு நடக்க வேண்டும்.

கப்பல் காத்திருக்காது!

சென்னையில் இருந்து பார்சலோனாவுக்கோ ரோமுக்கோ நேராக விமானம் இல்லை. வழியில் ஓர் ஊரில் மாற வேண்டும். ஒரு விமானம் தாமதமானால் அடுத்தது தவறும். கப்பல் புறப்பட்டுப் போய் விடும்.

ஆகவே கப்பல் புறப்படும் நாளுக்கு முந்திய நாளே அந்த ஊரில் போய் இறங்க வேண்டும். ஒரு நாள் ஓட்டல் வாடகை வீண் என்று நினைக்கக் கூடாது. அது பிரயாணத்துக்குக் கட்டும் இன்சூரன்ஸ்.

கப்பல் ஏறியதும் முதல் வேலை, ஆபத்துக் காலத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்டுவார்கள். இரண்டு பேரும் அதில் கலந்து கொள்ள வேண்டும். அது சட்டம்.

ஊர் பார்க்க இறங்கும்போது "இத்தனை மணிக்குள் ஏறி விட வேண்டும்" என்று எழுதிப் போட்டிருப்பார்கள். கப்பல் நேரம் எது என்று பார்த்துக் கடிகாரத்தை வைத்துக் கொள்ள வேண்டும். கோடையில் இத்தாலி நேரம் நம் நேரத்தை விட மூன்றரை மணி பின்னால்.

கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போனால் விலை அதிகம். ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். சொந்தமாகப் போனால் செலவு குறைவு. ஆனால் தாமதமானால் கப்பல் போய் விடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓட வேண்டும்.

ஒரு வழி உண்டு. ரோமாபுரி துறைமுகத்தில் இருந்து தூரம். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே கப்பல்காரர்கள் பஸ். நேபிள்ஸ் துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே சொந்தமாகப் போகலாம்.

நேபிள்சில் ஓர் இந்தியப் பெண்

நேபிள்சில் ஒரு மியூசியம் இருக்கிறது. அதில் ஓர் இந்தியப் பெண் இருக்கிறாள். தந்தத்தில் செய்த சிறு பொம்மை. காலில் தண்டை, கையில் வளையல், இடுப்பில் ஆபரணம்.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பாம்ப்பி நகரைச் சாம்பலால் மூடியது. அந்தச் சாம்பலுக்கு அடியில் இருந்து 1938-ல் இந்தப் பொம்மையை எடுத்தார்கள். 1,900 ஆண்டுகளுக்கு முன்பே அவள் நம் நாட்டை விட்டுக் கடல் கடந்து போனவள்!

அந்தக் காலத்தில் நம் மிளகுக்கு ரோமாபுரியில் ஏகக் கிராக்கி. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு, அரபிக் கடலையும் செங்கடலையும் தாண்டி, எகிப்தில் இறங்கி, நைல் நதி வழியாக அலெக்சாண்டிரியாவுக்குப் போகும். அங்கே இருந்து மத்திய தரைக் கடலில் மறுபடியும் கப்பல் ஏறும். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு பெரிய இந்திய ஜாடியில் 7 கிலோவுக்கு மேல் மிளகு அப்படியே கிடைத்தது. அந்தக் கரையில் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.

ஆக, மத்திய தரைக் கடல் நமக்கு அந்நியக் கடல் அல்ல. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகு அந்தப் பக்கம் போய் வந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது.

முதலில் ஓர் ஒத்திகை

இவ்வளவு பணம் போட்டு, போன இடத்தில் பிடிக்காவிட்டால்?

இந்தியாவிலேயே ஒத்திகை பார்க்கலாம். 2022 ஜூன் 4-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஓர் உல்லாசக் கப்பலை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஜூன் 5-ந் தேதி சென்னையில் இருந்து இலங்கைக்கும் ஓர் உல்லாசக் கப்பல் போயிற்று. இந்தக் கப்பல்கள் வருஷம் முழுவதும் சென்னையில் நிற்பதில்லை. எந்த மாதம், எந்தத் துறைமுகம் என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டு, மூன்று இரவு போய் வந்தால் போதும். கடல் மயக்கம் வருகிறதா, கேபின் ஒத்துக் கொள்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா எல்லாம் தெரிந்து விடும். ஒத்துக் கொள்ளாவிட்டால் பெரிய பணம் மிச்சம்!

படிப்படியாக

ஒரு வருஷம் முன்பு: ஒத்திகைப் பிரயாணம். பாஸ்போர்ட் தேதியைப் பார்ப்பது.

எட்டு மாதம் முன்பு: கப்பல் வழி, மாதம், கேபின் முடிவு செய்வது. நிற்கும் ஊர்ப் பட்டியல் வாங்குவது.

ஐந்து மாதம் முன்பு: இன்சூரன்ஸ் எடுத்து, விசா மனு கொடுப்பது. வங்கிக் கணக்கு, வருமான வரி, பென்ஷன் காகிதங்களைச் சேர்த்து வைப்பது.

மூன்று மாதம் முன்பு: தினமும் காலையில் அரை மணி நேரம் இரண்டு பேரும் நடப்பது. வாரம் ஒரு நாள் முருகன் மலை ஏறி இறங்குவது. இதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு வாரம் முன்பு: பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஒன்று அவர் பையில். ஒன்று அம்மாள் பையில். ஒன்று பிள்ளையிடம்.

அம்மாள் பையிலும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பணமும் அப்படித்தான். கணவன் கையில் எல்லாம், மனைவி கையில் ஒன்றும் இல்லை என்ற கணக்கு வெளிநாட்டில் உதவாது. கூட்டத்தில் பிரிந்து விட்டால் இரண்டு பேருக்கும் கப்பல் பெயரும், துறைமுகத்தின் பெயரும், திரும்ப வேண்டிய நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடியும் மலைப் படியில்

இருட்டி விட்டது. மலை மேல் விளக்குப் போட்டு விட்டார்கள்.

"பிள்ளைங்க என்ன சொல்வாங்களோ?" என்கிறார் அம்மாள்.

"அவங்க படிப்புக்குக் கேட்டப்போ நாம என்ன சொன்னோம்? சரின்னுதானே சொன்னோம். இப்ப அவங்க சொல்லட்டும்."

"என் முழங்கால்?"

"டாக்டரைக் கேப்போம். வேண்டாம்னா வேண்டாம்."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. தலைக்கு மேல் ஒரு விமானம் விளக்கை மினுக்கிக் கொண்டு இறங்குகிறது.

"என்னை விட்டுட்டு நீங்க மட்டும் போவீங்களா?"

"நாப்பது வருஷமா அப்படித்தானே போனேன், ஷிப்டு ஷிப்டா. இனிமே போனா ரெண்டு பேரு. இல்லேன்னா யாரும் இல்லே."

அம்மாள் முழங்காலைப் பிடித்துக் கொண்டு எழுந்து நிற்கிறார். 84 படியும் இறங்க வேண்டும்.

இறங்கும்போது கேட்கிறார்:

"ஏங்க, அந்தக் கப்பல்ல காலையில எத்தனை மணிக்குக் காப்பி தருவாங்க?"

திட்டம் தொடங்கி விட்டது!